டவர் நல்லா எடுக்கிற போன் எது?

(கொல்லிமலை மேலும் அடிவாரத்திலும் உள்ள குழுக்களின் பிரதிநிதிகள் கூடிய மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



கடன் தவணை, சந்தா பாக்கி எல்லாம் பேசி முடித்தாயிற்று. டீ வருவதற்குள் ஒரு விஷயம் பேசிவிடலாம் என்று தலைவியம்மா நேரம் கொடுத்திருக்கிறார். டீ வந்தாலும் பரவாயில்லை, குடித்துக்கொண்டே கேளுங்க.

குழுக்களின் தீர்மான நோட்டைப் பார்க்கிறோம். உள்கடன் எதற்காக என்ற இடத்தில் முன்பெல்லாம் ஆடு வாங்க, ஓடு மாற்ற, பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட என்று இருக்கும். இப்போது "போன் வாங்க" என்று அடிக்கடி வருகிறது. அதில் எங்களுக்கு ஆட்சேபணை எதுவும் கிடையாது. பேங்க் ஓ.டி.பி. போனில்தான் வருகிறது. மிளகு வாங்குகிற வியாபாரி விலை சொல்வதும் போனில்தான். ராத்திரி பிரசவ வலி எடுத்தால் 108-ஐக் கூப்பிடுவதும் போனில்தான். ஆனால் "ஏன் புதுசு வாங்கினீங்க?" என்று கேட்டால் பல பேர் சொல்கிற பதில், "பழைய போன்ல டவரே எடுக்கல, அதான்" என்பது. "சரி, புதுசுல எடுக்குதா?" என்று கேட்டால்தான் முகம் மாறுகிறது.

மலைமேல் ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். வாசலில் கொய்யா மரம், கிளையில் ஒரு மஞ்சப்பை தொங்குகிறது. ஏதோ விதைக்காய் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தோம். உள்ளே இருந்தது பதினாலாயிரம் ரூபாய் 5ஜி போன்! "வீட்டுக்குள்ள வெச்சா ஒரு கோடுகூட வராதுங்க. மரத்துல தொங்கவிட்டா ரெண்டு கோடு வரும். மணி அடிச்சா ஓடியாந்து எடுப்பேன்" என்றார் அந்த அக்கா. கையில் இருந்தது 2,000, குழுவில் வாங்கிய கடன் 12,000. மாதம் ஆயிரம் அசல், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. குறைகிற அசலுக்குக் கணக்குப் போட்டாலும் ஒரு வருஷத்தில் வட்டி மட்டும் 780 ரூபாய். அந்த அக்கா ஒரு தவணைகூடத் தவறவில்லை.

அதே வீட்டில் மாமியாரிடம் ஒரு பழைய பட்டன் போன் இருந்தது. அடுப்படியில் உட்கார்ந்து மகளிடம் தாராளமாகப் பேசிக்கொண்டிருந்தார். "பாருங்க, அந்தக் காலத்து போனுக்கு இருக்கிற சக்தி இதுக்கு இல்ல" என்று அக்கா அலுத்துக்கொண்டார். இரண்டு போனையும் வாங்கிப் பார்த்தோம். பட்டன் போனில் இருந்த சிம் வேறு கம்பெனி. பட்டன் போனின் சிம்மைப் புது போனில் போட்டதும் வீட்டுக்குள்ளேயே இரண்டு கோடு வந்துவிட்டது. கோளாறு பதினாலாயிரம் ரூபாய் போனில் இல்லை. அந்தக் கம்பெனி டவர் அந்த வீட்டுக்கு எட்டவில்லை, அவ்வளவுதான்.

முதலில் டவர், பிறகு போன்

நம் மலையில் எழுபது கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸில் போன் பேசிக்கொண்டு வருகிறவர்களைக் கவனித்திருப்பீங்க. ஒரு வளைவில் சிரித்துப் பேசுவார்கள், அடுத்த வளைவில் "ஹலோ, ஹலோ" என்று கத்துவார்கள். போனும் அதேதான், சிம்மும் அதேதான். நடுவில் மலை வந்து மறைத்துக்கொள்கிறது. டவரில் இருந்து வரும் அலை மலையைத் துளைத்துக்கொண்டு வராது. மேட்டில் இருக்கிற வீட்டுக்கு மூன்று கம்பெனி டவரும் கிடைக்கலாம், ஓடைப் பள்ளத்தில் இருக்கிற வீட்டுக்கு ஒன்றுகூடக் கிடைக்காமல் போகலாம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் கூப்பிடு தூரம்தான் இருக்கும்.

அதனால் "எந்தக் கம்பெனி நல்லது?" என்று எங்களைக் கேட்காதீங்க, கடைக்காரரையும் கேட்காதீங்க. சோளக்காட்டில் இருப்பவருக்கு நல்ல கம்பெனி உங்கள் வீட்டுக்கு நல்ல கம்பெனியாக இருக்கணும் என்று கட்டாயம் இல்லை. கம்பெனிகள் எங்கெங்கே தங்கள் டவர் கிடைக்கும் என்று வரைபடம் போட்டு வெளியிடணும் என்று 2024-ல் டிராய் விதி கொண்டுவந்தது. படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கம்பெனியின் வலைத்தளத்தில் பார்க்கச் சொல்லுங்க. ஆனால் வரைபடத்துக்கு உங்கள் வீட்டுச் சுவர் தெரியாது, பக்கத்துப் பாறையும் தெரியாது. பார்த்துக்கொள்ளலாம், அதை மட்டும் நம்பிப் பணம் போடக்கூடாது.

இந்த வேலையைக் குழு செய்கிற மாதிரி வேறு யாராலும் செய்ய முடியாது. ஒரு குழுவில் 12 முதல் 20 பேர் இருக்கிறோம். ஜியோ, ஏர்டெல், வி.ஐ., பி.எஸ்.என்.எல். என்று நாலு சிம்மும் எப்படியும் நமக்குள்ளேயே இருக்கும். பட்டன் போன், டச் போன் இரண்டும் இருக்கும். நோட்டில் ஒரு பக்கம் எடுத்துக் கோடு போடுங்க. வீட்டு அடுப்படி, திண்ணை, காட்டு வேலை செய்யும் இடம், குழு கூடும் இடம், ரேஷன் கடை என்று இடங்களை ஒரு பக்கம் எழுதுங்க. எதிரே நாலு சிம்முக்கும் நாலு கட்டம். ஒரே போனில் ஒவ்வொரு சிம்மாக மாற்றிப் போட்டு, அதே இடத்தில் நின்று, ஒருவருக்கு போன் பண்ணிப் பேசுங்க. தெளிவாகக் கேட்டதா, விட்டு விட்டுக் கேட்டதா, போகவே இல்லையா என்று எழுதுங்க. சிம் மாற்றியதும் இரண்டு நிமிஷம் பொறுத்துப் பாருங்க, உடனே டவர் பிடிக்காது. காலையில் ஒரு தடவை, ராத்திரி எட்டு மணி வாக்கில் ஒரு தடவை பாருங்க. ராத்திரி எல்லோரும் படம் பார்க்கிற நேரம். கோடு நிறைய இருக்கும், ஆனால் நெட் நகராது. அது டவரில் கூட்டம் அதிகம் என்று அர்த்தம், போன் மேல் குற்றம் இல்லை.

இதில் ஒரு ஜாக்கிரதை. ஜிபே, போன்பே, பேங்க் ஆப் இருக்கிற போனில் சிம்மைக் கழற்றி மாட்டினால் அந்த ஆப் மறுபடியும் சரிபார்க்கச் சொல்லலாம். அதனால் பேங்க் கணக்கோடு சேராத சிம், சும்மா கிடக்கும் போன் இரண்டையும் வைத்து இந்தச் சோதனையைச் செய்யுங்க. பார்த்து முடித்ததும் அவரவர் சிம்மை அந்த இடத்திலேயே வாங்கிக்கொள்ளுங்க.

டவர் கிடைக்கிற கம்பெனி தெரிந்துவிட்டால், நம்பரை மாற்றாமலே அந்தக் கம்பெனிக்குப் போகலாம். PORT என்பதை ஆங்கிலத்தில் டைப் செய்து, ஒரு இடைவெளி விட்டு உங்கள் பத்து இலக்க நம்பரைப் போட்டு 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் ஒரு குறியீடு வரும். அது நாலு நாளுக்குத்தான் செல்லும். ஆதார் எடுத்துக்கொண்டு அதற்குள் புதுக் கம்பெனிக் கடைக்குப் போகணும். இப்போதைய கம்பெனியில் சேர்ந்து 90 நாள் ஆகியிருக்கணும், பாக்கி எதுவும் இருக்கக்கூடாது. 2018-ல் ஏர்செல் நின்றுபோனபோது தமிழ்நாடு முழுக்க இப்படி நம்பரை மாற்றிக்கொள்ளக் கூட்டம் அலைமோதியது பலருக்கு ஞாபகம் இருக்கும். இன்று அவ்வளவு அல்லல் இல்லை. பல பேருக்குப் புது போன் செலவே வேண்டாம், கம்பெனி மாற்றினாலே போதும்.

டமடம சத்தமும் டவர் அலையும்

சரி, கம்பெனி தெரிந்தது, போனும் உண்மையிலேயே பழசாகிவிட்டது, வாங்கத்தான் வேணும். எதை வாங்குவது?

பக்கத்து ஊர்த் திருவிழாவில் ரேடியோ செட் போட்டால் நம் ஊருக்கு எது கேட்கும்? பாட்டு வரி கேட்காது. "டம், டம்" என்ற கனத்த சத்தம் மட்டும் கேட்கும், கதவைச் சாத்தினாலும் உள்ளே வரும். டவர் அலையிலும் அப்படித்தான். கனத்த அலை இருக்கிறது, மெலிந்த அலை இருக்கிறது. அதை மெகாஹெர்ட்ஸ் என்ற கணக்கில் சொல்கிறார்கள். 700, 850, 900 என்று எண் சின்னதாக இருந்தால் அலை தூரம் போகும், சுவரைத் தாண்டும். 1800, 2100, 2300 என்று ஏற ஏற தூரம் குறையும், சுவரில் தடுக்கும். ஆனால் எண் பெரிதான அலைகளில் நெட் வேகத்துக்கு இடம் அதிகம் கிடைக்கும். டவுனில் இருப்பவர்களுக்கு அது வசதி. மலையிலும் காட்டிலும் இருக்கிற நமக்குச் சின்ன எண் அலைதான் உயிர்நாடி.

இந்த அலைகளுக்கு பேண்டு என்று பெயர் வைத்து ஒரு நம்பர் கொடுத்திருக்கிறார்கள். 850-க்கு பேண்டு 5. 900-க்கு பேண்டு 8. 700-க்கு பேண்டு 28. ஜியோவின் 4ஜி பேண்டு 5-ல் இருக்கிறது. பி.எஸ்.என்.எல். 4ஜி 2025 செப்டம்பரில் நாடு முழுவதும் தொடங்கி வைக்கப்பட்டது, அதற்கு பேண்டு 28 முக்கியம். ஏர்டெல், வி.ஐ. இரண்டும் வட்டாரத்துக்கு வட்டாரம் கொஞ்சம் மாறும், பொதுவாக அவர்களுக்கு பேண்டு 8 முக்கியம். இவை போக 1, 3, 40 என்ற பேண்டுகள் ஏறக்குறைய எல்லா 4ஜி போனிலும் இருக்கும். அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

கவனிக்க வேண்டியது பேண்டு 28. நாலைந்து வருஷத்துக்கு முந்தைய 4ஜி போன் பலவற்றில் அது கிடையாது. டவர் வாசலில் நின்றாலும் போனுக்கு அந்த அலை காது கேட்காது. பி.எஸ்.என்.எல். மட்டுமே கிடைக்கிற ஊர்க்காரர்கள் செகண்ட் ஹேண்டில் போன் வாங்கும்போது இதைப் பார்க்காமல் வாங்கினால் காசு வீண்.

கடைக்குப் போகும்போது ஒரு துண்டுச் சீட்டில் "4ஜி பேண்டு 5, 8, 28" என்று எழுதி எடுத்துக்கொண்டு போங்க. "டவர் நல்லா இழுக்குமா?" என்று கேட்டால் எந்தக் கடைக்காரரும் "சூப்பரா இழுக்கும்கா" என்றுதான் சொல்வார். அவர் பிழைப்பு அது. சீட்டை நீட்டி, "இந்த மூணும் இதுல இருக்கா, மாடல் பேரைப் போட்டு நெட்ல காட்டுங்க" என்று கேளுங்க. பெட்டியில் எல்லா நேரமும் எழுதியிருக்காது, கம்பெனியின் வலைத்தளத்தில் இருக்கும். ஒரே பேரில் நாலு மாடல் வரும், அதனால் பெட்டியில் உள்ள மாடல் நம்பரோடு ஒத்துப் பார்க்கணும். கடைக்காரருக்கு முதலில் எரிச்சல் வரும். நாலு பேர் சீட்டோடு போனால் ஐந்தாவது ஆளுக்கு அவரே எடுத்துக் காட்டுவார்!

பட்டன் போனா, டச் போனா?

பேச மட்டும்தான் வேணும் என்பவர்களுக்குப் பட்டன் போன் போதும். ஆனால் அதிலும் இரண்டு ஜாதி இருக்கிறது. பழைய 2ஜி பட்டன் போன் ஏர்டெல், வி.ஐ., பி.எஸ்.என்.எல். சிம்மில் வேலை செய்யும், ஜியோ சிம்மில் செய்யாது. ஜியோவுக்கு 2ஜி டவரே கிடையாது. 4ஜி பட்டன் போன் என்று தனியாக வருகிறது, அது நாலு கம்பெனிக்கும் ஆகும். ஆனால் அதிலும் ஒன்றைக் கவனிக்கணும். 2017-ல் வந்த ஜியோபோனும், 2023-ல் 999 ரூபாய்க்கு வந்த ஜியோபாரத் போனும் ஜியோ சிம்மை மட்டும்தான் ஏற்றுக்கொள்ளும். உங்கள் வீட்டில் ஜியோ நன்றாகக் கிடைத்தால் மலிவான நல்ல போன். கிடைக்காவிட்டால் அதில் வேறு சிம் போட்டுப் பிழைக்க வழியில்லை. விலை குறைவு என்று சந்தையில் பார்த்ததும் வாங்கிவிடாதீங்க.

பழைய பட்டன் போன்தான் டவர் நல்லா இழுக்கும் என்ற பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 2ஜி பேச்சு பல இடங்களில் 900 அலையில் வருகிறது, அது தூரம் போகும். டச் போன் அதே இடத்தில் 4ஜியை, 5ஜியைத் தேடித் தேடி அல்லாடும். செட்டிங்ஸ் உள்ளே மொபைல் நெட்வொர்க் என்ற இடத்தில் "5ஜி" என்பதை விட்டு "4ஜி" என்று வைத்துக்கொண்டால், 5ஜி டவர் இல்லாத ஊரில் பேட்டரியும் மிச்சமாகும். டவர் குறைவான இடத்தில் போன் அதிக சக்தி போட்டு அலை அனுப்ப வேண்டியிருக்கிறது, அதனால்தான் சூடாகிறது, சார்ஜ் இறங்குகிறது. பேட்டரி போச்சு என்று கடையில் மாற்றுவதற்கு முன்னால் இதையும் யோசியுங்க.

4ஜியில் பேச வோல்ட்டி என்ற வசதி வேணும். இல்லாத போனில் நெட் வரும், பேச்சு வராது. எல்லா 4ஜி போனும் எல்லா கம்பெனிக்கும் வோல்ட்டி கொடுக்காது, முக்கியமாக பி.எஸ்.என்.எல்.லுக்குப் பார்த்து வாங்கணும். உங்கள் சிம்மை அந்த போனில் போட்டுக் கடையிலேயே ஒரு கால் பேசிப் பாருங்க. பெட்டியைப் பிரித்தால் திரும்ப எடுக்க மாட்டோம் என்பார்கள். அதே மாடல் யாராவது வைத்திருந்தால் அதில் பார்க்கலாம்.

இரண்டு கம்பெனியும் அரைகுறையாகத்தான் கிடைக்கிறது என்றால் இரண்டு சிம் போடுகிற போன் நல்லது. இரண்டாவது சிம்முக்கு நெட் இல்லாமல் பேச்சும் எஸ்.எம்.எஸ்.சும் மட்டும் உள்ள ரீசார்ஜ் கேளுங்க. அப்படி ஒன்றையாவது ஒவ்வொரு கம்பெனியும் வைக்கணும் என்று 2024 டிசம்பரில் டிராய் உத்தரவு போட்டது. கடையில் அதை அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

கோட்டை நம்பாதீங்க

போனில் தெரிகிற நாலு கோடு இருக்கிறதே, அதற்கு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அளவு கிடையாது. ஒரு போனில் மூன்று கோடு காட்டுகிற டவர் இன்னொன்றில் இரண்டு கோடாகத் தெரியும். அதனால் கோட்டை வைத்து இரண்டு போனை ஒப்பிட முடியாது. டச் போனில் உண்மையான கணக்கு இருக்கிறது. செட்டிங்ஸ், அபவுட் போன், ஸ்டேட்டஸ், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் சிக்னல் ஸ்ட்ரெங்த் என்று ஒரு எண் வரும். சில போனில் வழி கொஞ்சம் மாறும்.

அந்த எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி இருக்கும். -85, -110 என்று இருக்கும். இதைக் கடன் மாதிரி நினைத்துக்கொள்ளுங்க. 85 ரூபாய் கடன் நல்லதா, 110 ரூபாய் கடன் நல்லதா? எண் சின்னதாக இருந்தால் நல்லது. 4ஜியில் -90 வரை இருந்தால் ரொம்ப நல்லது. -100 என்றாலும் பேச்சு தெளிவாக இருக்கும். -110 தாண்டினால் விட்டு விட்டுக் கேட்கும். -120 பக்கம் போனால் துண்டிக்கும். பத்து எண் கூடினால் சக்தி பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது என்று அர்த்தம். ஒரே சிம்மை இரண்டு போனில் மாற்றிப் போட்டு, ஒரே இடத்தில், இரண்டும் 4ஜியில் இருக்கும்போது எண்ணைப் பாருங்க. 2ஜி எண்ணையும் 4ஜி எண்ணையும் ஒப்பிடக்கூடாது, அது வேறு கணக்கு. எண் கொஞ்சம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், அதனால் நாலைந்து தடவை பார்த்து எழுதுங்க.

போனுக்கு போன் ஆண்டெனாவில் வித்தியாசம் உண்மையாகவே இருக்கிறது. டென்மார்க் நாட்டில் ஆல்போர்க் பல்கலைக்கழகத்தில் 2016-ல் 26 போன்களைத் தலைக்கும் கைக்கும் பக்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். போனுக்கு போன் பெரிய வித்தியாசம் இருந்தது. வலது கையில் பிடித்தால் ஒரு மாதிரி, இடது கையில் பிடித்தால் ஒரு மாதிரி வந்த போன்களும் இருந்தன. அந்த மாடல்கள் இன்று கடையில் இல்லை. ஆனால் அதில் இருந்து நமக்கு ஒரு வேலை கிடைக்கிறது. மேசை மேல் வைத்துப் பார்ப்பது போதாது, காதில் வைத்துப் பேசிப் பாருங்க. கை மாற்றிப் பாருங்க. பல போன்களில் ஆண்டெனா மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் இருக்கிறது, அதை உள்ளங்கையால் பொத்திப் பிடிக்காதீங்க.

வீட்டிலும் நாம் பார்க்க வேண்டியது இருக்கிறது. தொகுப்பு வீட்டுக்குள் எடுக்காது, திண்ணைக்கு வந்தால் எடுக்கும் என்று எத்தனை பேர் சொல்கிறீங்க! தளத்துக்குள் கம்பி இருக்கிறது, சுவர் கனம். தகர ஷீட்டுக்கும் அலை ஆகாது, திருப்பி அடித்துவிடும். ஓட்டு வீட்டில் அவ்வளவு தொந்தரவு இல்லை. பீரோ பக்கத்தில், குளிர்பெட்டி மேலே போனை வைக்காதீங்க. ஜன்னல் ஓரம், டவர் இருக்கிற திசை பார்த்து, கொஞ்சம் உயரமாக ஒரு பலகை அடித்து வையுங்க. இரும்புத் தகடு உள்ள கவர், காந்தம் வைத்த பர்ஸ் மாதிரி கவர் போட்டிருந்தால் கழற்றிவிட்டு எண்ணைப் பாருங்க. சில சமயம் ஐம்பது ரூபாய் கவர்தான் குற்றவாளி.

பக்கத்து வீட்டிலோ பஞ்சாயத்து ஆபீஸிலோ கேபிள் இன்டர்நெட் வந்திருந்தால் இன்னொரு வழி உண்டு. வைஃபை மூலமாகவே சாதாரண கால் பேசுகிற வசதி, வைஃபை காலிங் என்று சொல்வார்கள். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் கொண்டுவந்தன. அந்த வசதி இருக்கிற போனாக இருக்கணும், தனிக் கட்டணம் இல்லை. டவரே இல்லாத வீட்டுக்கு இது பெரிய உதவி.

டவர் ஸ்டிக்கர், பூஸ்டர்

சந்தையில் பத்து ரூபாய்க்கு ஒரு தங்கக் கலர் ஸ்டிக்கர் விற்கிறார்கள், பேட்டரிக்குப் பின்னால் ஒட்டினால் டவர் ஏறுமாம். ஏறாது. பத்து ரூபாய்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் சிக்னல் பூஸ்டர் என்று ஆயிரக்கணக்கில் ஒரு பெட்டி விற்கிறார்களே, அதை விட்டுவிட முடியாது. தனியாட்கள் அதை வாங்கி மாட்டுவது சட்டப்படி தப்பு, பறிமுதல் செய்வார்கள். அது சுற்றியுள்ள மற்றவர்களின் டவரையும் கெடுக்கும். அதற்குக் கடன் கேட்டு விண்ணப்பம் வந்தால் குழுவில் ஒப்புக்கொள்ளாதீங்க.

செகண்ட் ஹேண்ட் போன் வாங்குகிறவர்கள் *#06# என்று அழுத்தினால் 15 இலக்க எண் வரும். ஆங்கிலத்தில் KYM என்று போட்டு, இடைவெளி விட்டு அந்த எண்ணை 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பிப் பாருங்க. திருட்டு போன் என்று முடக்கியிருந்தால் தெரிந்துவிடும். முடக்கிய போனில் எந்தக் கம்பெனி டவரும் வேலை செய்யாது.

எதுவுமே எட்டாத ஊர்களுக்கு

நாலு சிம்மும் போட்டுப் பார்த்து நாலு கட்டத்திலும் "போகவில்லை" என்று எழுதுகிற ஊர்கள் நம் கூட்டமைப்பில் இருக்கின்றன. அந்த அக்காமார் போன் வாங்க ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்க வேண்டாம். எந்த போனும் இல்லாத டவரை இழுத்துக்கொண்டு வராது. அவர்கள் எழுதிய அந்த நோட்டுப் பக்கத்துக்குத்தான் மதிப்பு அதிகம்.

டவர் இல்லாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொடுக்க 26,316 கோடி ரூபாயில் ஒரு திட்டத்துக்கு 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. வேலையை பி.எஸ்.என்.எல். செய்கிறது. நம் ஊர் அதில் இருக்கிறதா இல்லையா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஜனவரி 26 ஆகிய நாட்களில் நடக்கும் கிராம சபையில் தீர்மானம் போடச் சொல்லுங்க. "எங்க ஊர்ல டவர் இல்ல" என்று வாயால் சொன்னால் "பார்க்கலாம்" என்பார்கள். எந்தெந்த இடத்தில், எந்தத் தேதியில், எந்தச் சிம்மில் கால் போகவில்லை என்று இருபது பேர் கையெழுத்தோடு எழுதிக் கொடுத்தால் அப்படிச் சொல்வது கஷ்டம். தீர்மான நகலை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை நாமக்கல்லில் கலெக்டர் குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுக்கலாம். கர்ப்பிணிகள் எத்தனை பேர், அவர்கள் வீட்டில் இருந்து டவர் கிடைக்கிற இடத்துக்கு எவ்வளவு தூரம் நடக்கணும் என்பதையும் மனுவில் எழுதுங்க. கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டால் கணக்குக் கிடைக்கும்.

அதுவரைக்கும் ஒரு விஷயம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க. போன் திரையில் "அவசர அழைப்புகள் மட்டும்" என்று வந்தால், உங்கள் கம்பெனி டவர் இல்லை, வேறு கம்பெனி டவர் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் 112 போட்டால் அந்த வேறு டவர் வழியாகக் கால் போக வாய்ப்பு இருக்கிறது. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் அந்த ஒரே நம்பர்தான். வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்க. கர்ப்பிணி இருக்கிற வீட்டில், எந்த மேட்டில் நின்றால் எந்தச் சிம் எடுக்கிறது என்று இப்போதே பார்த்து, ஒரு கல் நட்டு அடையாளம் வைத்துவிடுங்க. ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு தேடிக்கொண்டிருக்க முடியாது.

இனி செய்ய வேண்டியது. ஒவ்வொரு குழுவும் அந்த டவர் பக்கத்தை எழுதி அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாங்க. கட்டம் போட்ட தாள் எங்களிடம் இருக்கிறது, போகும்போது ஊக்குநர்கள் ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்க. போனுக்கு உள்கடன் விண்ணப்பம் கொடுத்திருக்கிறவர்கள் அதை வாபஸ் வாங்க வேண்டாம், இந்த ஒரு மாதம் மட்டும் நிறுத்தி வைக்கும்படி குழுவில் பேசிக்கொள்ளுங்க. தாளில் எழுதியதைப் பார்த்துவிட்டு எவ்வளவு ரூபாய்க்குப் போன் வேணும் என்று முடிவு செய்யலாம். எழுதத் தெரியாதவர்களுக்குப் பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதட்டும், அவர்களுக்கு இதெல்லாம் விளையாட்டு.

டீ வந்துவிட்டது.